டோக்கியோ சென்டோ உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். சென்டோ என்னும் உங்கள் பொதுக் குளியலகங்களுக்கு முதன்முறையாக வரும் வெளிநாட்டவர்களுக்காக ஒரு கோரிக்கை. எப்படிக் குளிக்க வேண்டும் என்று விளக்கும் படத்தைக் குளிக்கும் கூடத்துக்குள் ஒட்டாதீர்கள். காசு வாங்கும் மேசையிலேயே வையுங்கள்.

நான் போன இடத்தில் அது உள்ளே, குழாய் வரிசைக்கு மேலே இருந்தது. அதை நிமிர்ந்து பார்க்கும் நேரத்தில் உடம்பில் துணி கிடையாது, மூக்குக்கண்ணாடி லாக்கரில் இருக்கிறது, கூடம் முழுக்க ஆவி. எதிர்ச்சுவரில் அவ்வளவு பெரிய ஃபூஜி மலை ஓவியமே மங்கலாகத் தெரிந்தது என்றால், சுண்டுவிரல் அளவு எழுத்தை யார் படிப்பது?

அம்மணமாக நிற்க வேண்டுமே என்றுதான் வெளியில் எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்தக் கூச்சம் சீக்கிரம் போய்விடும். அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் கையில் வாளியோடு நிற்பதுதான் கொடுமை. தாழ்வான முக்காலியைக் கழுவிவிட்டு உட்கார வேண்டும். நின்றுகொண்டு குளித்தால் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும். பழைய இடங்களில் குழாயில் சிவப்பை அழுத்தினால் கொதிக்கக் கொதிக்க வெந்நீர், நீலத்தை அழுத்தினால் தண்ணீர். இரண்டையும் வாளியில் விளாவிக்கொள்ள வேண்டும். சோப்பு நுரை துளிகூட இல்லாமல் அலசிய பிறகுதான் தொட்டியில் இறங்கலாம். சின்னத் துண்டு தண்ணீரில் படக்கூடாது, அதனால் தலைமேல் மடித்து வைத்துக்கொள்கிறார்கள். உடை மாற்றும் அறைக்குத் திரும்பும்முன் அதே துண்டைப் பிழிந்து உடம்பைத் துடைக்க வேண்டும். இதை யாராவது சொன்னால்தானே தெரியும்?

இன்னொன்று, இதுதான் அவசரமானது. சில சென்டோக்களில் மின்சாரத் தொட்டி இருக்கிறது. இருபக்கத் தகடுகளிலிருந்து தண்ணீருக்குள் லேசாக மின்சாரம் பாய்கிறது. உங்கள் ஊர்த் தாத்தாக்கள் இடுப்புவலிக்கு அதில் சொகுசாகச் சாய்ந்திருக்கிறார்கள். எச்சரிக்கை ஜப்பானியத்தில் மட்டும் இருந்தால், இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருக்கும் ஒருவர் தெரியாமல் இறங்கிவிடலாம். அதற்காவது ஒரு படம் போடுங்கள். வெந்நீர்த் தொட்டியின் சூட்டையும் எழுதி வைத்தால் நல்லது. 42, 43 டிகிரி என்பது உங்களுக்குச் சாதாரணம். பழகாதவர் காலை வைத்த வேகத்தில் எடுத்துவிடுவார்.

அப்புறம், 'கூடாது' பட்டியலாக மட்டும் அந்த விளக்கப் படத்தை ஆக்கிவிடாதீர்கள். சில இடங்களில் அறிவிப்பைப் படித்தால் ஏதோ குற்றம் செய்ய வந்தவனைப் போல இருக்கிறது. முதலில் இது, பிறகு இது என்று வரிசையாகச் சொன்னாலே போதும். பச்சை குத்தியவர்களை அனுமதிப்பீர்களா என்பதையும் வாசலிலேயே சொல்லிவிடுங்கள். பல சென்டோக்கள் அனுமதிக்கின்றன; அது தெரியாமலே எத்தனையோ பேர் திரும்பிப் போகிறார்கள்.

உங்கள் சிரமமும் தெரியாமல் இல்லை. கட்டணத்தை உயர்த்துவது உங்கள் கையில் இல்லை. உச்சவரம்பை டோக்கியோ அரசு நிர்ணயிக்கிறது. 2024 ஆகஸ்டில் அது 550 யென் ஆனது. எரிபொருள் விலையோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை. 1968 வாக்கில் நாடு முழுக்கச் சுமார் 18,000 சென்டோக்கள் இருந்தன. இன்று 2,000-கூட இல்லை. இந்த நிலையில் புதிதாக வரும் ஒருவர் குழம்பிப்போய் 'இனி வேண்டாம்' என்று முடிவெடுத்தால் நட்டம் யாருக்கு?

செலவு ஒரு தாளும் லேமினேஷனும்தான். தமிழில் வேண்டுமானால் நானே எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
மறுபடியும் வரப்போகும் ஒரு வாடிக்கையாளர்