மூலிகைப் படம் போடும் உறவுகளுக்கு

வணக்கம். மழை விட்டதும் அமிர்தி, ஜவ்வாது மலைப் பக்கம் பறித்த தழைகளின் படங்கள் குழுவில் வரிசையாக வருகின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் படத்தை மட்டும் பார்த்து "இது கீழாநெல்லியேதான்" என்று யாரும் உறுதி சொல்ல வேண்டாம். அதே சாயலில் வேறு செடிகளும் உண்டு. தெரிந்தவர் ஒருவர் கையில் வாங்கி, பூ, காய், தண்டு எல்லாம் பார்த்துச் சொல்லட்டும்.

செங்காந்தள் கிழங்கும் ஒடுவந்தழையும் நம் பக்கத்தில் தானாக வளர்பவை. இரண்டும் உயிரை எடுக்கும். காய்ச்சினால் நஞ்சு போய்விடும் என்ற பேச்சை நம்பாதீர்கள்.

பாலாற்றுப் பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு ஓடும் ஓடையோரத்தில் வல்லாரை தளதளவென்று நிற்கும். அங்கேதான் பலருக்கும் கை போகிறது! அந்தக் கழிவிலுள்ள குரோமியம் என்ற உலோகம் செடிக்குள் ஏறியிருந்தால் எத்தனை தடவை கழுவி என்ன பயன்?

சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் கூடவே சிறுகுறிஞ்சானும் எடுத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம். முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிகளுக்கும் கஷாயம் பரிந்துரைக்கும் பதிவுகள் நீக்கப்படும். மஞ்சள் காமாலையா, முதலில் இரத்தப் பரிசோதனை, அப்புறம் மற்றது.

கஷாயம் குடித்தபின் வாந்தி, மயக்கம் வந்தால் உடனே 108. மீதித் தழையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

– குழு நிர்வாகி