சம்பளப் பட்டியலை மஸ்டர் எடுக்கும் இடத்தில் ஒட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கலெக்டர் நிர்ணயித்த கூலி கேட்டு ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் மறியல் செய்யும் செய்தி உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகிறது. தென் மாவட்ட நகராட்சி ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தக் கூலி எங்கே குறைகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

ஒப்பந்ததாரர் நகராட்சிக்குத் தரும் பில்லோடு வருகைப் பதிவேடு, சம்பளப் பட்டியல், பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) செலான் எல்லாம் ஒழுங்காக வரும். ஒருமுறை வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். முப்பது நாளுக்கும் ஒரே பேனா, ஒரே கை. ஐப்பசி மழையில் வார்டு ஆபீஸ் வாசலில் விடியற்காலை எழுதியது என்கிறார்கள், ஒரு பக்கத்திலும் ஈரக்கறை கிடையாது. குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். பில் பாஸாகிவிட்டது.

நாள் கூலி 500 ரூபாய் என்றால் பி.எஃப். 12 சதவீதம், இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம் போக 436 ரூபாய் கைக்கு வர வேண்டும். ஒப்பந்ததாரரின் பங்கு தனி. அதையும் தொழிலாளி கூலியிலேயே பிடிப்பதுதான் அநியாயம். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் வேலை கொடுத்த நிர்வாகமே கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்க வேண்டும் என்று 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இருக்கிறது. சம்பளச் சீட்டும் கட்டாயம்.

எங்கள் தெருவைக் கூட்டும் அம்மா சென்ற மாதம் போனை நீட்டினார். "மக கல்யாணத்துக்கு பி.எஃப். எடுக்கணும் சார்." ஓ.டி.பி. வரவே இல்லை. பி.எஃப். கணக்கில் பதிந்திருப்பதாகத் திரையில் தெரிந்த செல் நம்பரின் கடைசி எண்களைப் படித்துக் காட்டினேன். "அது சூப்பர்வைசர் நம்பர் சார்" என்றார். ஆறு வருஷ வேலைக்கு ஒரு சம்பளச் சீட்டுகூட அவரிடம் இல்லை. எவ்வளவு பிடித்தார்கள் என்று கேட்டேன். "கவர்ல போட்டுக் குடுப்பாங்க, எண்ணி வாங்கிக்குவேன்."

நகராட்சி ஆணையர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். பில் பாஸாகும் முன்பு அந்தச் சம்பளப் பட்டியலின் ஜெராக்ஸை மஸ்டர் (வருகைப் பதிவு) எடுக்கும் இடத்தில் ஒட்டச் சொல்லுங்கள். பெயர், வேலை நாள், கூலி, பிடித்தம், வங்கியில் போட்ட தொகை, இவ்வளவு போதும். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சுகாதார ஆய்வாளர் வாசித்துக் காட்டட்டும். தன் பெயருக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்தால் அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.

அந்த அம்மாவின் செல் நம்பரை மாற்ற மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கல்யாணம் தை மாதம்.

ஓய்வுபெற்ற நகராட்சிக் கணக்கர்,
மதுரை