கண்ணின் மேற்பரப்பு ஆய்வுகளுக்கும் இடம் தருக

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கண்ணின் முன்புறத்தில் ஒளி ஊடுருவும் படலமான கார்னியா எனப்படும் விழிவெண்படலத்தையும் கண்ணின் மேற்பரப்பையும் ஆராய்வோர் கூடும் அறிவியல் கூட்டங்களைப் பற்றி, தொடக்க விழாச் செய்தியோடு நிறுத்திவிடாமல், அங்கே விவாதிக்கப்பட்டவற்றையும் வெளியிட வேண்டுகிறேன். மையத்தில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமனே உடைய, இரத்த நாளங்கள் இல்லாத இப்படலத்தை 1905-இல் கண் மருத்துவர் எட்வர்ட் சிர்ம் ஒரு மனிதருக்கு மாற்றிப் பொருத்தி வெற்றி கண்டார். அதன் உள்ளடுக்குச் செல்கள் குறைந்தால் உடல் அவற்றைப் புதிதாக ஈடுசெய்வதில்லை. படலம் நீர்கோத்து மங்கிவிடுகிறது. இன்று அந்த உள்ளடுக்கை மட்டும் மாற்ற முடிகிறது. வேதிப்பொருளால் வெந்துபோன கண்ணுக்கு, படலத்தின் விளிம்பிலுள்ள, புதிய செல்களை உருவாக்கும் ஸ்டெம் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பொருத்தும் சிகிச்சைக்கு 2015-இல் ஐரோப்பிய ஒன்றியம் நிபந்தனையுடன் அனுமதி வழங்கியது. செல் உயிரியலாளரும் அறுவை மருத்துவரும் ஒருவர் சொல்வதை மற்றவர் பொறுமையாகக் கேட்டதால்தான் இவை கைகூடின என்பது என் உறுதியான எண்ணம்.

உலர்கண் நோயை வெறும் உறுத்தல் என்று ஒதுக்குவதும் தவறு. அழற்சிக்கும் நரம்பு உணர்வுக் கோளாறுக்கும் அதில் பங்குண்டு.

எந்தச் சிகிச்சை நடைமுறைக்கு வந்துவிட்டது, எது இன்னும் சோதனையில் உள்ளது என்பதைப் பிரித்து எழுதினால், பார்வை மங்கிக் காத்திருப்போர் பொய்யான நம்பிக்கைக்கு ஆளாக மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்