செயலாளரின் ஆண்டறிக்கை: நம் ஃபிலிம் கேமரா சங்கம், சென்னை

தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. ஏப்ரல் கடைசி ஞாயிறன்று, லென்ஸ் இல்லாமல் ஊசித்துளை வழியாகப் படம் எடுக்கும் உலக ஊசித்துளைப் பட நாளுக்காக, அட்டைப்பெட்டிக் கேமராக்களுடன் மெரினா போய்வந்தோம். ஆகஸ்ட் 19 கண்காட்சி நன்றாக நடந்தது. பரோடாவில் தயாரான ஆக்ஃபா க்ளிக் 3 கேமரா முன்னால்தான் கூட்டம் அதிகம் நின்றது. ஊட்டிப் பயணம் மழையால் தள்ளிப்போனது.

இனி, சனிக்கிழமை மாலைகளில் உறுப்பினர்களின் பழைய கேமராக்களைச் சரிசெய்யும் நம் பழுது மேசை. கண்காட்சிக்குச் செலவழித்திருக்க வேண்டிய பணத்தை ஸ்க்ரூடிரைவருக்கும் லென்ஸ் சாவிக்கும் ஏன் செலவழித்தோம் என்று செயற்குழுவிலேயே கேள்வி வந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. படம் எடுக்கிற நிலையில் கேமரா இருந்தால்தான் கண்காட்சி. நம்மிடம் உள்ள கேமராக்கள் வயதாகிக் கெட்டவை அல்ல. பெரும்பாலும் பீரோவில் கிடந்து கெட்டவை. வெளிச்சத்தை உள்ளே விட்டு மூடும் ஷட்டருக்குள் போட்ட கிரீஸ், ஓட்டமில்லாமல் கிடந்தால் பிசினாகிவிடும். 1/125, 1/250 நொடி வேகங்கள் சரியாக இருப்பதுபோலத் தோன்றும், 1 நொடியில் வைத்து அழுத்தினால் பாதியில் நின்றுவிடும். மேசைக்கு வரும் மெக்கானிக் பெரியவர் எந்தக் கேமராவையும் முதலில் 1 நொடியில் வைத்துக் காதோரம் பிடித்துக் கேட்பார். உள்ளே இருக்கும் பற்சக்கரங்களின் ரீங்காரம் ஒரே சீராக வந்தால் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்துவிடுவார். இழுத்து இழுத்து வந்தால் பிரிக்க வேண்டும்.

இப்படி நின்றுபோன ஷட்டருக்குத் தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விடாதீர்கள் என்று போன ஆண்டும் சொன்னோம். இந்த ஆண்டும் அப்படி இரண்டு கேமராக்கள் வந்தன. எண்ணெய் ஷட்டரின் மெல்லிய தகட்டு இதழ்களில் பரவினால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதைக் கழுவி எடுப்பது முதல் பழுதைவிடப் பெரிய வேலை.

யாஷிகா எலெக்ட்ரோ 35 வைத்திருப்பவர்கள் நம்மில் அதிகம். 1966-ல் வந்த கேமரா அது. ஃபிலிமை நகர்த்தும் லீவரைச் சுற்றும்போது உள்ளே 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர் துண்டு உதிர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஷட்டர் வேகத்தை நம்ப முடியாது. அதே தடிமனில் புது ரப்பர் வெட்டி ஒட்டினால் சரியாகிவிடும், பொருள் செலவு மிகவும் குறைவு. ஓர் உறுப்பினர் இதே பழுதோடு வெளியே ஒரு கடைக்குப் போனபோது, "போர்டு போயிடுச்சு, தூக்கிப் போடுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். நம் மேசையில் சரிசெய்த பிறகு அந்தக் கேமராவில் எடுத்த படம்தான் இதோ இந்தச் சுவரில் மாட்டியிருக்கிறது. மேசை எதற்கு என்று கேட்டவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

எலெக்ட்ரோ 35-க்கான பழைய 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது கிடைப்பதில்லை. 6 வோல்ட் பேட்டரியை ஸ்பிரிங் வைத்துப் போட்டால் ஓடுகிறது. ஆனால் 1.35 வோல்ட் கேட்கும் கேமராக்களில் சாதாரண 1.5 வோல்ட் பேட்டரி போட்டால் பலவற்றில் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டர் தப்பாகக் காட்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் காது மெஷின் பேட்டரி, 675 நம்பர், 1.4 வோல்ட். அதைப் போடுங்கள்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் சென்சார் வாங்கி ஷட்டர் வேகம் அளக்கும் கருவி ஒன்றும் செய்தோம். 1/1000 என்று போட்டிருந்தாலும் துணி ஷட்டர் கேமராக்கள் பல 1/600, 1/700 அளவில்தான் ஓடுகின்றன. நெகட்டிவ் ஃபிலிம் இதனால் விழும் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், கவலை வேண்டாம். துணி ஷட்டரின் இரண்டு திரைகளும் ஒரே வேகத்தில் ஓடாமல் படத்தின் ஒரு பக்கம் இருட்டாக வந்தால் மட்டும் உடனே கொண்டுவாருங்கள்.

பூஞ்சை நம் ஊரின் நிரந்தரத் தொல்லை. கேமராவை லெதர் உறையோடு பூட்டி வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்தால் போதும். ஜெல் நீலத்திலிருந்து இளஞ்சிவப்பானால் பழைய வாணலியில் வறுத்துத் திரும்பப் போடலாம். அப்புறம் அந்த வாணலியில் சமைக்க வேண்டாம். பூஞ்சை லென்ஸ் பூச்சைத் தின்றுவிட்டால் எவ்வளவு துடைத்தாலும் தடம் போகாது.

இவ்வளவும் செய்த மேசையில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள வந்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். வாட்ஸ்அப்பில் 'நானும் வரேன்' என்று எழுதியவர்கள் அதிகம். சனிக்கிழமை மாலை வந்து பார்த்தால் பெரியவரும் நானும் அதே சிலரும்தான். இதை வருத்தத்தோடு சொல்கிறேன். ஜப்பான் கேமரா திருகுக்கு எந்த ஸ்க்ரூடிரைவர் பொருந்தும், எதைப் போட்டால் தலை நைந்துபோகும் என்பதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் கைக்கு வரும். சரி செய்த கேமராக்கள் சில இன்னும் நம் அலமாரியிலேயே இருக்கின்றன. பலமுறை போன் செய்தாகிவிட்டது. அங்கேயே இருந்தால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி பூஞ்சை பிடிக்கும்.

வரவு செலவை விவரமாகப் பொருளாளர் வைப்பார். சுருக்கமாகச் சொன்னால், வாடகையும் கருவிச் செலவும் போகக் கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவு. சந்தா ஒழுங்காக வந்திருந்தால் இந்த நிலை இல்லை. இரண்டு ஆண்டு பாக்கி வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பெயர் படிக்க விரும்பவில்லை.

இடம் கொடுத்த வீட்டுக்காரருக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும், கண்காட்சிப் படங்களைச் சட்டமிட்டுக் கொடுத்தவருக்கும், தலைவருக்கும் நன்றி. கூலியே வாங்காமல் வரும் பெரியவருக்குத் தனியாக நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பெரியவருக்குக் கண் பார்வை முன்போல் இல்லை. பொங்கல் வரை வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குள் இரண்டு பேராவது சனிக்கிழமைதோறும் வந்து உட்கார்ந்தால் மேசை தொடரும். யாரும் வராவிட்டால் கருவிகளைப் பெட்டியில் போட்டுவிட்டு வெறும் கூட்டம் மட்டும் நடத்த வேண்டியதுதான். செயலாளர் பொறுப்பில் தொடரச் சொன்னால் தொடர்கிறேன், வேறு யாராவது முன்வந்தால் மேசையின் சாவியோடு ஒப்படைக்கிறேன்.

அலமாரியில் இருந்த அந்தச் சரிசெய்த கேமராக்கள் இன்று பெயர்ச்சீட்டோடு பின்வரிசை மேசையில் இருக்கின்றன, இன்றே எடுத்துச் செல்லுங்கள். பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலருகே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்