மண்டபத்தில் ஒரு சமையலறை வேண்டும்

தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறைக்கும், அருங்காட்சியகங்கள் துறைக்கும்,

வணக்கம்.

இராமேஸ்வரம் போகும் ரயிலில், பாம்பன் பாலம் வருவதற்குச் சற்று முன்னால் 'மண்டபம் கேம்ப்' என்று ஒரு நிலையம் உண்டு. பாலத்தைப் படமெடுக்கும் அவசரத்தில் பயணிகள் யாரும் அந்தப் பலகையைக் கவனிப்பதில்லை. அது என்ன கேம்ப், யாருக்காகப் போட்டது என்று கேட்டால் சொல்வதற்கும் ஆள் கிடைப்பதில்லை. அதைச் சொல்லும் ஓர் இடத்தை அரசு அங்கேயே அமைக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ஆங்கிலேயர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன நம் ஊர்க் கூலித் தொழிலாளர்களை மண்டபத்தில்தான் நிறுத்தி வைத்துச் சோதித்தார்கள். காலராவும் பிளேக்கும் இல்லை என்று உறுதியான பிறகுதான் அவர்களுக்குக் கப்பல். அப்புறம் 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் அங்கே இருந்த இந்திய வம்சாவளி மக்களைப் பற்றி ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று. எங்கே இருக்க விருப்பம் என்று அந்த மக்களிடம் கேட்டுவிட்டுப் போட்ட கணக்கு இல்லை அது. அன்று தோட்டங்களுக்குப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பல் ஏறி, தாத்தா பாட்டி தங்கிய அதே மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்கள். இவர்களைத்தான் 'தாயகம் திரும்பியோர்' என்கிறார்கள். என் அப்பாவின் குடும்பமும் அப்படி வந்ததுதான். 1983 கலவரத்துக்குப் பிறகு ஈழத்திலிருந்து படகில் வந்தவர்கள் மண்டபத்துக்கு வந்தார்கள். 2022இல் பொருளாதார நெருக்கடி தாங்காமல் தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கியவர்களையும் அங்கேதான் கொண்டுபோனார்கள்.

ஒரே இடத்தில் இத்தனை வருகையும் புறப்பாடும். கீழடியில் கிடைத்த பானை ஓட்டுக்கு அழகான அருங்காட்சியகம் கட்டி 2023இல் திறந்த அரசு இது. மண்டபத்துக்கும் அந்த அக்கறை வேண்டும். ஆனால் அங்கே கண்ணாடிப் பெட்டி மட்டும் போதாது. அடுப்பு எரிகிற ஒரு சமையலறை வேண்டும், சின்னதாக ஒரு திரையரங்கு வேண்டும், கூத்தும் பாட்டும் நடக்க ஒரு களம் வேண்டும்.

சமையலறை எதற்கு என்று கேட்பீர்கள். சென்னையில் அத்தோ சாப்பிடாதவர்கள் குறைவு. செகண்ட் லைன் பீச்சில் மாலையானால் தள்ளுவண்டியைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பொரித்த பூண்டு, நொறுக்கிய பேஜோ என்னும் பொரித்த தட்டை எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து கொடுப்பார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். பர்மாவில் 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்து, அடுத்த சில வருடங்களில் கடைகளை அரசுடைமையாக்கியபோது, வாழ்ந்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கப்பலேறிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு அது. ஊரே அதைத் தன் சாப்பாடாக எடுத்துக்கொண்டது. கொண்டுவந்தவர்களின் கதையை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. 1942 போரின்போது பர்மாவிலிருந்து காடும் மலையும் கடந்து இலட்சக்கணக்கானோர் நடந்தே வந்தார்கள் என்பது அத்தோ சாப்பிடும் எத்தனை இளைஞர்களுக்குத் தெரியும்? சாப்பாடு தானாகக் கதை சொல்லாது. சமைப்பவர் பேச இடமிருந்தால்தான் சொல்லும்.

அதனால்தான் 'உணவுத் திருவிழா' என்ற பெயரில் நடப்பவற்றில் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. ஒரு கல்லூரியில் அகதிகள் தினத்துக்கு வைத்த கடைகளைப் பார்த்தேன். பலகையில் 'இலங்கை உணவு' என்று மட்டும் இருந்தது. அகதிகள் முகாமிலிருந்து வந்து விடியற்காலையிலிருந்து இடியப்பம் பிழிந்து, சொதி வைத்து, சம்பல் இடித்த அக்கா பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவர் பெயரை மேடையில் யாரும் சொல்லவில்லை. அவருக்குச் சால்வை போட்டார்கள், கூலி கொடுக்கவில்லை.

பாரிஸில் 2016இல் ஐ.நா. அகதிகள் முகமையுடன் சேர்ந்து தொடங்கிய அகதிகள் உணவு விழாவில் வேறு மாதிரி செய்கிறார்கள். ஊரில் பெயர் பெற்ற உணவகங்கள் சில நாட்களுக்குத் தங்கள் சமையலறையை அகதியாக வந்த சமையல்காரரிடம் ஒப்படைக்கின்றன. அங்கே அவர்தான் தலைமைச் சமையல்காரர். மண்டபத்திலும் அப்படித்தான் இருக்க வேண்டும். காய்ந்த பனங்கிழங்கு மாவில் செய்யும் ஒடியல் கூழும் பனங்காய்ப் பணியாரமும் செய்யத் தெரிந்தவர்கள் முகாம்களில் இருக்கிறார்கள். நீலகிரியிலும் வால்பாறையிலும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தில் கொழுந்து பறித்த, 'சிலோன்காரர்' என்று அழைக்கப்படும் எங்கள் குடும்பங்களில் தேங்காய் ரொட்டியும் கட்டச்சம்பலும் பிளேன்டீயும் இன்னும் காலைச் சாப்பாடு. சமைப்பவருக்கு ஊதியம் கொடுங்கள், பெயரைப் பலகையில் எழுதுங்கள். எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை அவர் முடிவு செய்யட்டும்.

கலைக்கும் அதே நியாயம்தான். காமன் கூத்து ஆடியவர்களும், விடியற்காலையில் தோட்டத்தில் ஆட்களைத் திரட்ட அடித்த பிரட்டுத் தப்பின் அடவு தெரிந்தவர்களும் வயதாகிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களைப் பொங்கல் விழாவுக்கு ஐந்து நிமிடம் ஆட அழைப்பதோடு நிறுத்தாதீர்கள்.

சினிமா விஷயத்தில் எனக்கு ஆதங்கம் அதிகம். தமிழ் சினிமாவில் அகதி வருகிறார். பெரும்பாலும் பரிதாபத்துக்கு, சில நேரம் சிரிப்புக்கு. பேச்சு வழக்கைப் பாதிப் படங்களில் யாரும் சரியாகக் கேட்டுக்கூட எழுதுவதில்லை. 2015இல் கான் விழாவில் தங்கப் பனை விருது வாங்கிய 'தீபன்' பிரெஞ்சுக்காரர் எடுத்த படம். ஆனாலும் அதில் நாயகனாக நடித்த ஷோபாசக்தி உண்மையாகவே அகதியாக பிரான்ஸ் போனவர், எழுத்தாளர். அந்த முகத்தில் தெரிந்தது நடிப்புப் பயிற்சியில் மட்டும் வருவதில்லை. இங்கே தரமணியில் அரசே ஒரு திரைப்படப் பயிற்சி நிறுவனம் நடத்துகிறது. அங்கே முகாம் பிள்ளைகளுக்கும் தாயகம் திரும்பியோர் பிள்ளைகளுக்கும் வருடத்துக்குச் சில இடங்கள் ஒதுக்குங்கள். கேமரா அவர்கள் கைக்குப் போகட்டும். அவர்கள் எடுக்கிற படங்களை மண்டபத்தில் போடுவோம்.

இதில் ஒரு சிக்கல் இருப்பது உங்களுக்கே தெரியும். முகாமில் இருப்பவருக்கு வெளியூர் போக அனுமதி வாங்க வேண்டும், கணக்கெடுப்புக்கு வந்து நிற்க வேண்டும், காவல்துறையின் உளவு அமைப்பான க்யூ பிரிவின் கண் எப்போதும் இருக்கும். அப்படி வாழ்கிறவரிடம் போய் "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்றால் என்ன சொல்வார்? யாருக்கும் தொந்தரவு வராத கதையைத்தான் சொல்வார். பதிவு செய்யும் எதுவும் காவல்துறையின் கோப்புக்குப் போகாது, சொன்னவர் விரும்பினால் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்ற உறுதியை எழுத்தில் கொடுத்துவிட்டுத் தொடங்குங்கள். அது இல்லாவிட்டால் இந்தத் திட்டமே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அருங்காட்சியகம் குடியுரிமைக்கு ஈடாகாது. 2021இல் முகாம்களின் பெயரை மாற்றினீர்கள், புது வீடுகள் கட்ட ஆரம்பித்தீர்கள், அது நல்ல காரியம். ஆனால் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்களில் பலர் இன்றைக்கும் சட்டப்படி வெளியாட்கள். அது ஒன்றிய அரசின் கையில் இருக்கிறது என்பது சரி. அதற்காகக் கேட்பதை நிறுத்திவிடாதீர்கள்.

மண்டபத்தில் கட்டடம் எழும்ப வருடங்கள் ஆகும். ஒலிப்பதிவை இந்த வருடமே ஆரம்பிக்கலாம். கப்பலில் வந்த எங்கள் பெரியவர்களில் பலர் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகம் கொடுத்த குடும்ப அட்டை எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. அப்பா, சித்தப்பா, அத்தை எல்லாரும் புகைப்படத்தில் வரிசையாக நிற்பார்கள். வேண்டுமென்றால் காட்சிக்குத் தருகிறேன். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் யாரைப் பார்க்க வேண்டும் என்று உங்கள் ஆட்கள் கேட்டால் நானே கூட்டிப்போகிறேன்.

இப்படிக்கு,
தாயகம் திரும்பியோர் குடும்பத்தில் பிறந்த ஒருவர்,
கோத்தகிரி