வெங்கட் அடுத்த மேட்சும் ஆடினார்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்தால் மீட்டிங் என்று வைத்துவிட்டாயாம். ஞாயிற்றுக்கிழமை என்ன மீட்டிங் என்று நான் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடு. மாடித் தொட்டி கசிவதை அடைத்தாயிற்று. பெரியப்பாவின் கண் ஆபரேஷன் விஷயம் அப்புறம் எழுதுகிறேன்.

நேற்று வாக்கிங்கில் பழைய கிரிக்கெட் பௌலர் வெங்கட்ராகவன் பேச்சு வந்தது. கேப்டனாக அவர் என்ன கிழித்தார் என்றார் ஒருவர். எனக்குச் சுருக்கென்றது. உன் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரியில் படித்தவர். இருபது வயது முடியுமுன் 1965இல் டெல்லியில் நியூசிலாந்துக்கு எதிராக ஒரே டெஸ்டில் 12 விக்கெட். கேப்டனாக ஆடிய ஐந்து டெஸ்டில் ஒன்றும் ஜெயிக்கவில்லை, அது உண்மைதான். 1975, 1979 உலகக் கோப்பைகளும் கைகொடுக்கவில்லை. ஆனால் நடத்திய விதம்? 1974இல் டெல்லியில் கேப்டன், அடுத்த கல்கத்தா டெஸ்டில் பதினொரு பேரில்கூட இல்லாமல் பன்னிரண்டாவது ஆள்!

1979 லண்டன் ஓவல் டெஸ்ட் உனக்கே மனப்பாடம். இங்கிலாந்துக்கு எதிராக 438 ரன் துரத்தி, கவாஸ்கர் 221 அடித்து, 8 விக்கெட்டுக்கு 429இல், ஒன்பது ரன் குறைய, டிராவாக நின்றது. பெரிய பேட்ஸ்மேன் விஸ்வநாத்துக்கு முன்னால் கபிலை வெங்கட் அனுப்பினார் என்று இன்னும் திட்டுகிறார்கள். கபில் முதலிலேயே நாலு சிக்ஸர் அடித்திருந்தால் இவர்களே மகா மூளை என்றிருப்பார்கள். ஊர் திரும்பும் விமானத்தில், இனி கவாஸ்கர்தான் கேப்டன் என்று பைலட் மைக்கில் அறிவித்தாராம். ஒருவரை எடுப்பது வேறு, எல்லார் காதிலும் விழச் சொல்வது வேறு. கூப்பிட்டுச் சொன்னால் வாய் வலிக்குமா? இப்போது எல்லாருக்கும் மெயிலே போட்டுவிடுகிறார்களாம். சம்பந்தி ஏதோ சொல்ல ஆரம்பித்தார், நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

நான் சொல்ல வந்தது இதுதான். மனுஷன் அதே சீசனில் அதே கவாஸ்கரின் கீழ் ஆஸ்திரேலியாவுக்கு எதிராகப் பந்து போட்டார். 1983 வரை ஆடினார். மொத்தம் 57 டெஸ்ட், 156 விக்கெட். அப்புறம் அம்பயர். கேப்டனாக நின்றது ஐந்து டெஸ்ட், அம்பயராக நின்றது 73. ஊர் ஊராக வெயிலில் நின்று, உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்களுக்கெல்லாம் விரலைத் தூக்கினார். 2003இல் பத்மஸ்ரீ. கேப்டன் பதவி போன அன்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தால்?

நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கேரம் போர்டைக் கவிழ்த்துவிட்டு மாடிக்குப் போய்விடுவாய். ஆனால் நம் வீட்டில் உன்னைப்போல் உழைத்தவர் யாரும் இல்லை. பேங்க் வரிசையில் முன்பின் தெரியாதவர்களிடம்கூட உன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பேன். உன் அம்மாவுக்கு அது எரிச்சல்.

வேலையை அவசரப்பட்டு விட்டுவிடாதே. விடப்போகிறாய் என்று நான் சொல்லவில்லை. விடாதே, அவ்வளவுதான். ராத்திரி சீக்கிரம் சாப்பிடு. மருமகளிடமாவது மனம் விட்டுப் பேசு, அவள் ஒன்றும் தப்பாக நினைக்கமாட்டாள்.

பொங்கலுக்கு டிக்கெட் போட்டாயா? தட்கலை நம்பாதே. சேப்பாக்கம் பக்கம் ஒரு நாள் போய் வரலாம். அம்மாவுக்கு இன்றைக்கே போன் செய். என்னிடம் பேசவேண்டும் என்று கட்டாயமில்லை, நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

அப்பா