படிப்பகத்தின் மாலை வகுப்புக்கு இன்னும் ரூ.43,600 வேண்டும்

ஊர்ப் பெரியோர்களுக்கும் தாய்மார்களுக்கும், வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் படிப்பகக் குழுவின் வணக்கம்.

வாட்ஸப்பில் வருவது மெய்யா பொய்யா என்று பார்க்கக் கற்றுத்தரும் பெரியவர்களுக்கான மாலை வகுப்பு, தை முதல் ஞாயிறு தொடங்குகிறது. மார்கழி 20க்குள் பணம் சேராவிட்டால் பயிற்றுநர்கள் வேறு ஊருக்குத் தேதி கொடுத்துவிடுவார்கள்.

வகுப்பு நடத்துவது நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1991இல் எழுத்தறிவு தரும் அறிவொளி இயக்கம் இங்கே வந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பில் கிராமம் கிராமமாக வகுப்பு நடந்தது. குவாரியில் கல் உடைத்த பெண்கள் எழுதப் படிக்கக் கற்றார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டிக் காட்டினார்கள். நம் ஊரில் மாரியம்மன் கோயில் திண்ணையில், அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து சிலேட்டில் எழுதிப் பழகிய தாய்மார்கள் இன்றும் இருக்கிறார்கள். சொல்லிக்கொடுத்த தொண்டர்கள் ஒரு பைசா வாங்கவில்லை. அவர்களில் சிலர் இந்தக் குழுவில் இருப்பது எங்களுக்குப் பெருமை.

அன்று எழுத்துக் கூட்டிப் படித்தவர்கள் கையில் இன்று ஸ்மார்ட்போன். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் ஊருக்குள் புகுந்துவிட்டார்கள் என்று வாட்ஸப்பில் ஒரு புரளி சுற்றியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டியை, குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார் என்பதற்காக அடித்தே கொன்றார்கள். அந்த நாட்களில் நாடெங்கும் பரவிய கடத்தல் வீடியோ ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பிள்ளையைத் திருப்பி விட்டுவிட்டு அறிவிப்பு அட்டையைக் காட்டும் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள்.

சென்ற மாதம் வெள்ளோட்டமாக ஒரு வகுப்பு நடத்தினோம். செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால், அது பல கை மாறி வந்தது என்று காட்டினோம். வெள்ளப் படம் ஒன்றை, படத்தை வைத்தே தேடிக் காட்டும் கூகுள் லென்ஸில் போட்டதும், அது பல வருடத்துக்கு முந்தைய படம் என்று தெரிந்தது. பின்வரிசைத் தாய்மார்கள் எழுந்து முன்னால் வந்துவிட்டார்கள். இணையவழிப் பணமோசடி நடந்தால் உடனே 1930 என்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் பலர் கேள்விப்பட்டார்கள்.

செலவுக் கணக்கு: புரொஜெக்டரும் திரையும் ரூ.38,000. பயிற்றுநர்களின் பயணப்படி, மதிப்பூதியம் ரூ.44,000. கையேடு 600 பிரதி அச்சிட ரூ.27,000. இணையம், மின்சாரம், தேநீருக்கு ரூ.16,000. ஆக ரூ.1,25,000. இதுவரை வந்தது ரூ.81,400.

கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்ல வார்த்தை போதாது. சந்தாப் பணத்தில் மிச்சம் பிடித்துத் தந்த மகளிர் குழுக்கள், ஒருநாள் வசூலை அப்படியே கொடுத்த ஆட்டோ நிறுத்தத் தம்பிகள், திருப்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கேட்காமலே அனுப்பிய பிள்ளைகள், நூறுநாள் வேலைக் கூலியில் ஐம்பது ரூபாயை முந்தானையிலிருந்து அவிழ்த்துத் தந்த பாட்டிமார்கள் எல்லோரையும் அம்மன் காப்பாற்ற வேண்டும்.

கும்பாபிஷேகத்துக்குப் பத்தே நாளில் பணம் திரட்டிய ஊர் இது. இதற்கு மட்டும் கை ஏன் மடங்குகிறது? பொங்கலுக்கு முன் தருகிறேன் என்று நோட்டில் பெயர் எழுதியவர்கள் நிறைய. அந்தப் பெயர்களை ஊர்க்கூட்டத்தில் படிக்கும் நிலைக்கு எங்களைத் தள்ளாதீர்கள்.

தினமும் மாலை 6 முதல் 8 வரை பொருளாளர் படிப்பகத்தில் இருப்பார். பத்து ரூபாய்க்கும் ரசீது உண்டு.